ஹாஸ்டல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு... மார்க் மட்டும் போதுமா?

ஆனி மாசம் பிறந்து சாரல் அடிக்க ஆரம்பிச்சா போதும்... குற்றாலத்துல குளிக்க எங்கெங்கிருந்தோ வேன் பிடிச்சு வர்றாங்க. ஆனா பக்கத்துலயே, தென்காசியிலும் மேலகரத்திலும் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற சில வீடுகள்ல மட்டும் பிள்ளையை வாசப்படி தாண்ட விடறதில்லை. "அருவி எங்கயும் ஓடிப் போயிடாது. நீ முதல்ல கணக்கைப் போடு!" என்று அப்பா அதட்டுகிறார். காரணம், சைனிக் ஸ்கூல் நுழைவுத் தேர்வு.

நல்ல பள்ளியில் பிள்ளை படிக்கணும், கட்டுப்பாட்டோடு வளரணும், நாளைக்கு ஒரு ராணுவ அதிகாரியா வந்து நிக்கணும் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் இந்தப் பள்ளிக்குள் நுழைய ஒரு வாசல்தான் இருக்கிறது என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். உண்மையில் மூன்று வாசல்கள். முதலாவது, தேர்வு. இரண்டாவது, மருத்துவப் பரிசோதனை. மூன்றாவது, பிள்ளையின் மனசு. முதல் வாசலுக்கு ஒரு வருஷம் ட்யூஷன் வைக்கிறோம். மற்ற இரண்டுக்கும்? கடைசி வாரத்தில்தான் நினைப்பே வருகிறது!

இந்த மூன்றையும் ஒன்றொன்றாகப் பார்ப்போம்.

எந்த ஸ்கூல்? எந்த வயசு?

நாட்டின் முதல் சைனிக் பள்ளிகள் 1961ல் தொடங்கின. தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு மாணவர்களைத் தயார் செய்வதுதான் நோக்கம். தமிழ்நாட்டுக்கு 1962ல் அமராவதி நகரில் ஒன்று வந்தது. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அமராவதி அணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தென்காசியிலிருந்து ராஜபாளையம், மதுரை, திண்டுக்கல், பழநி என்று பஸ் மாறிப் போனால் ஒரு பகல் பூரா அதிலேயே கழிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துட்டு ராத்திரி வீடு திரும்புகிற தூரமில்லை என்பதை இப்பவே மனசில் வாங்கிக்கோங்க.

தனியார் பள்ளிகளோடு கூட்டுச் சேர்ந்து நடக்கும் புதிய சைனிக் பள்ளிகளும் உண்டு. 2022ல் வந்த முதல் பட்டியலிலேயே தூத்துக்குடி விகாசா பள்ளியின் பெயர் இருந்தது. அவற்றில் பெரும்பாலும் ஆறாம் வகுப்புச் சேர்க்கைதான் பிரதானம்.

ஆறாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு... இந்த இரண்டில்தான் சேர முடியும். சேரும் வருஷம் மார்ச் 31 அன்று ஆறாம் வகுப்புக்கு 10லிருந்து 12 வயசுக்குள், ஒன்பதாம் வகுப்புக்கு 13லிருந்து 15 வயசுக்குள் இருக்கணும். ஒன்பதாம் வகுப்பில் காலியாகும் இடங்களை மட்டும்தான் நிரப்புவார்கள். அதனால் போட்டி கடுமை. 2021-22 முதல் ஆறாம் வகுப்பில் பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் பெண்களுக்கு இடம் உண்டா என்பதை அந்தந்த வருஷ அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வாய்ப்பு டேராடூனில் உள்ள ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரி. 1922ல் தொடங்கியது. பெயர்தான் கல்லூரி, சேர்க்கை எட்டாம் வகுப்பில். வயசு பதினொன்றரையிலிருந்து 13 வரை. வருஷத்துக்கு இரண்டு முறை தேர்வு. தமிழ்நாட்டில் இதை நடத்துவது அரசுப் பணியாளர் தேர்வாணையம். 2022லிருந்து இங்கேயும் பெண் பிள்ளைகள் சேர்கிறார்கள்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு, தங்கிப் படிக்கிற அரசு மாதிரிப் பள்ளிகள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. தலைமை ஆசிரியரிடம் கேட்டால் விவரம் சொல்வார்.

முதல் வாசல்: தேர்வு

சைனிக் தேர்வை இப்போது நடத்துவது தேசியத் தேர்வு முகமை. ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கைக்கு மொத்தம் 150 கேள்விகள், 400 மார்க், மூணு மணி நேரம். இதில் கணக்குக்கு மட்டும் 50 கேள்வி, 200 மார்க். அதாவது சரிபாதி! மீதி 200ஐ அறிவுத்திறன், ஆங்கிலம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய நாலும் ஐம்பது ஐம்பதாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எல்லாம் விடையைத் தேர்ந்தெடுத்து வட்டத்தைக் கருப்பாக்கும் முறைதான். தப்பான விடைக்கு மார்க் கழிப்பதில்லை. ஒவ்வொரு பகுதியிலும் 25 சதவீதம், மொத்தத்தில் 40 சதவீதம் எடுத்தால் தகுதி. ஆனால் இடம் கிடைப்பது தரவரிசையைப் பொறுத்தது.

தமிழ் மீடியம் பிள்ளைகளின் பெற்றோர் கவனிங்க. ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஒன்பதாம் வகுப்புத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். கணக்கு நன்றாக வருகிற பிள்ளைகூடக் கேள்வி புரியாமல் தடுமாறும். கணக்கு, அறிவியல் வார்த்தைகளை ஆங்கிலத்தில் தினம் பத்து எழுதிப் பழகினாலே பாதி பயம் போய்விடும்.

தேதியை நம்பி இருக்காதீங்க. 2024ல் இந்தத் தேர்வு ஜனவரி 28 அன்று நடந்தது. அடுத்த வருஷம் ஏப்ரல் 5 ஆகிவிட்டது. அதனால் ஐப்பசி, கார்த்திகையிலிருந்தே தேர்வு முகமையின் இணையதளத்தை வாரம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இன்னொரு விஷயம்... இதர பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க, பிள்ளையின் வழக்கமான சாதிச் சான்றிதழ் போதாது. மத்திய அரசு படிவத்தில் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் முன்னாடியே எழுதிப் போடுங்க. கடைசி நேரத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டாம்.

ராத்திரி பதினோரு மணி ட்யூஷன்

ஸ்கூல் விட்டு வந்து ட்யூஷன், ட்யூஷன் முடிந்து மாதிரித் தேர்வு, நடுவில் பசிக்கிறதே என்று பார்டர் பரோட்டா ஒரு பார்சல், பதினோரு மணிக்குப் படுக்கை, விடியக்காலை நாலு மணிக்கு அலாரம்... இதுதான் பல வீடுகளில் நடக்கிறது. இது படிப்பு இல்லைங்க, தூக்கக் கொலை!

13லிருந்து 18 வயசு வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு 9 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. பகலில் படித்ததை மூளை பத்திரப்படுத்தி வைப்பது தூக்கத்தில்தான். தூக்கத்தை வெட்டிப் படித்தால், ஓட்டைக் குடத்தில் தண்ணி பிடிக்கிற கதைதான். கணக்கில் கவனக்குறைவுத் தப்பு, எரிச்சல், அடிக்கடி தலைவலி, காலையில் சாப்பாடு இறங்காமல் குமட்டல்... இதெல்லாம் தூக்கம் போதவில்லை என்பதற்கான அடையாளங்களாக இருக்கலாம்.

பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தாலே எட்டு மணி நேரம் ஆச்சு. மிச்ச நேரத்தில் ரெண்டு மணி நேரம் கருத்தாகப் படித்தால் போதும். ராத்திரி பரோட்டாவுக்குப் பதில் ரெண்டு இட்லியும் ஒரு முட்டையும் கொடுத்துப் பாருங்க, பாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து தூங்கி விழ மாட்டான்.

இரண்டாம் வாசல்: டாக்டர் எதைப் பார்ப்பார்?

தேர்வில் நல்ல இடம் பிடித்தாலும் மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் சேர்க்கை உறுதி. இங்கேதான் சில குடும்பங்கள் இடிந்து போய் உட்காருகின்றன. ஒரு வருஷம் முன்னாடியே கவனித்திருந்தால் சரியாகியிருக்கக்கூடிய சின்னக் கோளாறுகள்கூட அங்கே போய்த்தான் தெரிய வருகின்றன.

அதனால் எட்டாம் வகுப்பு தொடங்கும்போதே பிள்ளையைத் தென்காசி அரசு தலைமை மருத்துவமனைக்கோ, உங்கள் குடும்ப டாக்டரிடமோ ஒரு தடவை கூட்டிப் போங்கள். "ராணுவப் பள்ளிக்கு அனுப்பப் போறோம், தலையிலிருந்து கால் வரை பாத்துடுங்க" என்று சொல்லுங்கள்.

கண்: போர்டில் எழுதியது தெரியலை என்று பிள்ளைகள் வாய் திறந்து சொல்வதில்லை. பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ, டி.வி.க்குக் கிட்டே போனாலோ உடனே பரிசோதனை செய்யுங்கள். திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. கேரட் தின்றாலோ, சொட்டு மருந்து விட்டாலோ கிட்டப்பார்வை மறையாது. ஆனால் வராமல் தள்ளிப்போட ஒரு வழி உண்டு. பகல் வெளிச்சத்தில் வெளியே இருப்பது! தைவான் நாட்டில் 2010லிருந்து பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிஷம் வெளியே விடுகிறார்கள். வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போன பார்வைக் குறைவு அதற்கப்புறம் இறங்க ஆரம்பித்தது. இப்போ சொல்லுங்க... பிள்ளையை நாள் முழுக்க அறைக்குள் பூட்டி வைப்பது அந்தப் பள்ளிக்கு அனுப்பும் வழியா, அனுப்பாமல் இருக்கும் வழியா?

நிறம் பிரித்துப் பார்க்கும் சக்தியையும் சோதித்து வையுங்கள். சிவப்பும் பச்சையும் குழம்பும் நிறக்குருடு பிறவியிலேயே வருவது. ஆண் பிள்ளைகளிடம் அதிகம். மருந்து கிடையாது. ஆனால் முன்னாடியே தெரிந்தால், ராணுவத்தில் எந்தப் பிரிவுக்குப் போக முடியும், எதற்கு முடியாது என்று விசாரித்து முடிவெடுக்கலாம்.

காது: சீசனில் அருவிக்கு நேர் கீழே தலையைக் கொடுத்து நிற்பது நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கம். காதில் குரும்பி இருந்தால் தண்ணீர் பட்டதும் ஊறி உப்பி அடைத்துக்கொள்ளும். உடனே ஹேர்பின், தீக்குச்சி, காய்ச்சின எண்ணெய் என்று வீட்டு வைத்தியம் ஆரம்பம்! வேண்டவே வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தால் எண்ணெய் உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும். காது டாக்டர் ஐந்து நிமிஷத்தில் சுத்தம் செய்துவிடுவார். காதில் அடிக்கடி சீழ் வடிகிற பிள்ளையை அருவியில் விடுவதற்கு முன் கட்டாயம் காட்டணும்.

பல், தொண்டை: சொத்தைப் பல்லை அடைக்க, வேர் வரை போயிருந்தால் சிகிச்சை செய்ய, நாலைந்து தடவை போக வேண்டியிருக்கும். இதைக் கடைசி வாரத்தில் வைத்துக்கொள்ள முடியாது. அடிக்கடி டான்சில் வீங்கி ஜுரம் வருகிற பிள்ளைக்கும் அப்படித்தான்.

கால்: இதை வீட்டிலேயே பார்க்கலாம். பாதத்தை நனைத்துச் சிமென்ட் தரையில் நிற்கச் சொல்லுங்கள். தடத்தின் உள்பக்கம் வளைவாகக் காலியிடம் இருக்கணும். முழுப் பாதமும் அப்படியே பதிந்தால் தட்டைப் பாதமாக இருக்கலாம். அடுத்து, இரண்டு முழங்காலும் தொடுகிற மாதிரி நேராக நிற்கச் சொல்லுங்கள். கணுக்கால்களுக்கு நடுவே பெரிய இடைவெளி இருந்தால் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டுமே நோய் என்று பயப்பட வேண்டாம். பல பிள்ளைகளுக்கு எந்தத் தொந்தரவும் தராது. ஆனால் ராணுவ மருத்துவத்தில் இதை அளந்து பார்ப்பார்கள் என்பதால் தெரிந்து வைப்பது நல்லது.

ஆண் பிள்ளைகள்: இந்த வயசில் அம்மாவிடம் சொல்லக் கூச்சப்படுவான். விரை ஒரு பக்கம் கீழே இறங்காமல் இருப்பது, விரை வீக்கம், குடலிறக்கம் இதையெல்லாம் டாக்டர் தனியே பார்க்கட்டும். அப்பாதான் கூடப் போகணும். விரை இறங்காதது குழந்தையிலேயே சரி செய்திருக்க வேண்டிய விஷயம். இப்போ தெரிந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பள்ளிச் சேர்க்கைக்காக மட்டும் இல்லை, அவன் எதிர்காலத்துக்காகவும்.

மறைக்காதீங்க!

"சாரல் காலத்துல கொஞ்சம் இழுப்பு வரும். அதைச் சொன்னா எடுக்க மாட்டாங்களே..." என்று ஆஸ்துமாவை மறைக்கிறவர்கள் உண்டு. வலிப்பு வந்ததை மறைக்கிறவர்களும் உண்டு. யோசித்துப் பாருங்கள்... ராத்திரி ரெண்டு மணிக்கு ஹாஸ்டலில் பிள்ளைக்கு மூச்சு முட்டினால், அவனுக்கு ஆஸ்துமா என்பதே அங்கே யாருக்கும் தெரியாது. அவன் இன்ஹேலர் பெட்டியின் அடியில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். ஒரு சீட்டுக்காகப் பிள்ளையின் உயிரை அடகு வைக்கலாமா?

இன்னொன்று, எந்த வீட்டிலும் வெளியே சொல்லாத விஷயம். பத்து வயசிலும் நூற்றில் சுமார் ஐந்து பிள்ளைகளுக்குப் படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் இருக்கிறது. அது சோம்பேறித்தனமும் இல்லை, திமிரும் இல்லை. ஹாஸ்டலில் இருபது பேர் படுக்கிற கூடத்தில் அந்தப் பிள்ளை தினமும் எப்படிச் செத்துப் பிழைக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பயத்தில் தூங்காமல் கிடக்கும், சாயந்தரத்திலிருந்தே தண்ணி குடிக்காமல் இருக்கும். இதற்குச் சிகிச்சை இருக்கிறது. ஆறு மாசம் முன்னாடியே டாக்டரிடம் போனால் பெரும்பாலும் சரியாகிவிடும். திட்டினால் மட்டும் சரியாகாது.

பெண் பிள்ளையை அனுப்புவதாக இருந்தால், மாதவிலக்கு பற்றி அம்மா முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். முதல் தடவை ஹாஸ்டலில் வந்து, என்னமோ ஏதோவென்று அழுதுகொண்டிருக்கக் கூடாது. பத்து வயசிலும் பதினாறு வயசிலும் போடும் டி.டி. தடுப்பூசியை இருபாலருக்கும் மறக்காதீர்கள்.

மூன்றாம் வாசல்: பிள்ளையின் மனசு

"அவன்கிட்ட என்னத்தைக் கேக்கறது? அவனுக்கு என்ன தெரியும்?" என்பார் அப்பா. பதிமூணு வயசுப் பிள்ளைக்கு நிறையவே தெரியும் ஸார்! முடிவெடுத்ததில் தனக்கும் பங்கு இருந்தது என்று நினைக்கிற பிள்ளைக்கு வீட்டு ஏக்கம் குறைவு. வலுக்கட்டாயமாகத் தள்ளப்பட்டதாக நினைக்கிற பிள்ளைதான் வாடிப் போகிறது. இது பிள்ளைகள் நல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம்.

முடிந்தால் ஒரு தடவை உடுமலை வரை கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளி இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். விடியக்காலை எழுந்து ஓட வேண்டும், துணியைத் தானே மடிக்க வேண்டும், நினைத்த நேரத்தில் போன் பேச முடியாது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அப்புறம் கேளுங்கள். "வேண்டாம்" என்று சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும். அதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

பழக்கமும் வேண்டும். பரீட்சை லீவில் கடையநல்லூர் அத்தை வீடோ, செங்கோட்டைத் தாத்தா வீடோ... நாலு நாள் நீங்கள் இல்லாமல் விடுங்கள். தினமும் பத்துத் தடவை போன் போடாதீர்கள். தன் தட்டைத் தான் கழுவி, தன் சட்டையைத் தான் துவைத்து, தலைவலி வந்தால் பெரியவர்களிடம் வாய்விட்டுச் சொல்லப் பழகட்டும். இந்த நாலு நாள், நாற்பது மாதிரித் தேர்வுக்குச் சமம்.

சேர்ந்த பிறகு முதல் சில வாரம் அழுகை வரும். அது இயல்பு. "பிடிக்கலைன்னா சொல்லுடா, உடனே வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்று முன்னாடியே வாக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள். பிள்ளை ஒரு காலை வாசலிலேயே வைத்துக்கொண்டிருக்கும். அதே சமயம், ஒரு மாசம் தாண்டியும் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் சேராமல் இருந்தால், எடை குறைந்தால், யாரோ அடிக்கிறார்கள், மிரட்டுகிறார்கள் என்று கோடி காட்டினால்... அது ஏக்கம் இல்லை, எச்சரிக்கை. உடனே நேரில் போங்கள். "ஊர்ல என்ன சொல்லுவாங்க" என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

கிடைக்கலைன்னா?

எழுதுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்காது. இடம் அவ்வளவுதான். அதனால் ரிசல்ட் வருவதற்கு முன்பே, "கிடைச்சா சந்தோஷம், கிடைக்கலைன்னா இங்கேயே நல்லாப் படிக்கலாம்" என்று ஒரு தடவை பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். ட்யூஷனுக்குக் கட்டின பணத்தைச் சொல்லிக் காட்டாதீர்கள். பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடாதீர்கள். ராணுவம்தான் கனவு என்றால் கதவு மூடிவிடவில்லை. தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வைப் பிளஸ் டூ படிக்கும் எந்தப் பள்ளி மாணவரும் எழுதலாம். தென்காசியில் படித்தாலும் எழுதலாம், அமராவதி நகரில் படித்தாலும் எழுதலாம்!

ஒரு வருஷக் கணக்கு... கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்

ஜூன்: முழு உடல் பரிசோதனை. கண், காது, பல்.
ஜூலை - ஆகஸ்ட்: தேவையான சிகிச்சைகளை முடித்துவிடுங்கள். தினம் ஒரு மணி நேரமாவது வெளியே விளையாட்டு.
செப்டம்பர்: காலாண்டு லீவில் நாலு நாள் உறவினர் வீடு.
அக்டோபர் - டிசம்பர்: அறிவிப்பைக் கவனித்து விண்ணப்பம். பிறப்பு, இருப்பிட, சாதிச் சான்றிதழ்கள் தயாராக இருக்கட்டும்.
தேர்வுக்கு முந்தின வாரம்: புதுப் பாடம் வேண்டாம். வெளிச் சாப்பாடு வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள்.
தேர்வு முடிந்த அன்று: "எத்தனை கேள்வி விட்டே?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள்.

மார்க்கை மறுபடியும் வாங்கிக்கலாம். பள்ளி ஒன்று போனால் இன்னொன்று வரும். பிள்ளையின் கண்ணும் தூக்கமும், "அப்பாகிட்ட எதையும் சொல்லலாம்" என்கிற தைரியமும் அப்படி இல்லை. அவற்றைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டால், எந்தப் பள்ளியில் படித்தாலும் பிள்ளை தேறிவிடும்!